கறுப்புக் காரில் ஏறிய கடல்

செங்கோடனுடைய கறுப்புக் காரின் டேங்கில் கடல் ஏறிக் கிடக்கிறது என்பதை முதன்முதலில் வாயில் வாங்கித் துப்பியவர் மாரப்பன்தான், ஓலப்பாளையத்தில் வேறு யார் வாய்க்கும் அது முதலில் வந்திருக்கவும் நியாயமில்லை. அறுபத்தி நாலாம் வருசத்து மாடல், கியர்க் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும், பதினொரு வருசமாக வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்ற வண்டி. ஆனி மாசம் ஒரு திங்கட்கிழமை காலையில் மாரப்பன் ஸ்பேனர் பெட்டியோடு வந்து பானெட்டைத் தூக்கியபோது, நின்ற வண்டிக்கு என்னென்ன வரும் என்பது நாற்பது வருச மெக்கானிக்கான அவருக்குத் தெரியாததில்லை. பெட்ரோல் கெட்டு வார்னிஷ் வாடை அடிக்கும், கார்புரேட்டர் கிண்ணத்தில் வெல்லப்பாகு மாதிரி பழுப்புப் பசை உறைந்திருக்கும், அந்தப் பசையே ஜெட்டின் ஊசித் துளையை அடைத்திருக்கும், உள்ளே மிதக்கிற ஃப்ளோட் ஒட்டிக்கொண்டு மேலே வராது, பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் சவ்வு அப்பளம் மாதிரி விறைத்துப்போயிருக்கும். எல்லாம் அப்படியேதான் இருந்தன. சரி, டேங்கில் கிடப்பதை இறக்கிவிடலாம் என்று ரப்பர் டியூபை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சினார். எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான், வாய்க்கு வருவதற்கு ஒரு நொடி முன்னால் டியூபை எடுத்துக் கீழே விட்டுவிட வேண்டும், அன்றைக்கு அந்த ஒரு நொடி அவருக்குத் தவறிப்போனது. துப்பினார், துப்பிவிட்டு நாக்கைச் சப்பிப் பார்த்தார், பிறகு ஸ்பேனர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த உப்பை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ருசித்திருந்தார்.

"என்னங்கண்ணா, பெட்ரோல் கெட்டுப் போச்சுங்களா?" என்று வாசலில் இருந்து கேட்டாள் மயிலாத்தாள், செங்கோடனின் மனைவி.

"தண்ணி சேந்திருக்குது அம்மிணி. நின்ன வண்டியில சேரும்" என்றார் மாரப்பன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மனுசன் பதினொரு வருசமாக மயிலாத்தாளிடம் இப்படித்தான், பொய் இல்லாத வார்த்தையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கித்தான் பேசிக்கொண்டிருந்தார், ஏனென்றால் சொல்ல வேண்டிய பெரிய பொய்யை ஏற்கனவே சொல்லி முடித்திருந்தார்.

அந்தப் பொய்யை இங்கேயே சொல்லிவிடலாம், கடைசிவரை மூடிவைத்துத் திறந்து காட்ட அது ஒன்றும் கல்யாணப் பலகாரம் இல்லை. பதினொரு வருசத்துக்கு முன்னால், செங்கோடனின் அப்பா செத்த வருசம், ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகித் திதி கொடுக்க வேண்டும் என்று செங்கோடன் கிளம்பினான். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் கடலையே பார்க்காதவன், காரிலேயே போவது என்று முடிவுசெய்து முந்தின நாள் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு, கண்ணாடி துடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துத் தயாராக நின்றான். "அத்தனை தூரம் இந்த வண்டி தாங்காது மாப்ள, ரேடியேட்டர் கொதிக்கும், பேசாம பஸ்ஸுல போயிரலாம்" என்று தடுத்தவர் மாரப்பன், கூடப் போனவரும் மாரப்பன். வேதாரண்யத்தில் ஊரே திரண்டு முழுகிக்கொண்டிருந்த கூட்டத்தில் இருவரும் கைகோத்து இறங்கினார்கள். முதல் முழுக்கில் செங்கோடன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான், இரண்டாவது முழுக்கில் "இன்னுங் கொஞ்சம் உள்ள போலாம் மச்சான்" என்றான், மூன்றாவது முழுக்குப் போட்டு மாரப்பன் எழுந்தபோது அவர் கையில் இன்னொரு கை இல்லை. பொழுது இறங்கும்வரை கரையில் மேலும் கீழும் நடந்தார், யாரிடமும் வாய் திறக்கவில்லை, சொல்லிவிட்டால் அது நடந்துபோனதாக ஆகிவிடும் என்று ஒரு பயம். மறுநாள் காலையில் ஊர் வந்து சேர்ந்தவருக்கு மயிலாத்தாள் சொம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள், அவர் பாதியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "அவரு எங்கீங்கண்ணா?" என்று கேட்டாள்.

"திருச்சியில டீ குடிக்க எறங்குனாரு. பஸ்ஸ எடுத்துட்டாங்க. அடுத்த பஸ்ல வந்துருவாரு" என்று மாரப்பனின் வாய் சொல்லிவிட்டது.

நாளைக்கு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். நாளைக்கு என்பது நாளை மறுநாள் ஆனது, பிறகு அவரே மயிலாத்தாளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய், செங்கோடனின் போட்டோவை டீக்கடை டீக்கடையாகக் காட்டி, இந்த ஆளைப் பார்த்தீர்களா என்று பத்து நாள் விசாரிக்க வேண்டியதாயிற்று, அப்படி விசாரித்த பிறகு எந்த வாயைக் கொண்டு போய் உண்மையைச் சொல்வது. அன்றிலிருந்து மாரப்பன் உப்பில்லாத சோறு தின்றார், அவர் மனைவி ராமாத்தாள் அதை ரத்தக் கொதிப்புக்கு என்று நினைத்துக்கொண்டாள். மயிலாத்தாளோ தினமும் பொழுது சாய ஐந்து நாற்பதுக்குத் திருச்சி பஸ் வருகிற நேரத்துக்குத் தலையில் பூ வைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு முக்குக்கு வந்து நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். எத்தனையோ கண்டக்டர்கள் மாறினார்கள், மாறிப் போகிறவர் வருகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார் போல, எல்லாருமே படியில் தொங்கியபடி "இன்னிக்கு இல்லீங்கக்கா" என்று சொல்லப் பழகியிருந்தார்கள். அந்த டேங்குப் பெட்ரோலை மட்டும் அவள் ஒருத்தரையும் தொடவிடவில்லை. அவர் கடலுக்குப் போக ரொப்பினது, அவரே வந்து போகட்டும் என்பாள்.

இப்போது காருக்கு என்ன அவசரம் என்றால், மகள் பூங்கொடிக்கு ஆவணியில் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்கப் பெண்ணின் அப்பா வேண்டும், அப்பா இல்லாத வீட்டில் மாமனோ சித்தப்பனோ நின்று வார்ப்பார்கள், ஆனால் மயிலாத்தாள் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவங்கப்பா இருக்கறப்ப இன்னொருத்தரு எதுக்குங்க? கார எடுத்துக் கழுவி நிறுத்துங்கண்ணா, மண்டபத்துக்கு அவரு அதுலதான் வருவாரு" என்று சொல்லிவிட்டாள். அழைப்பிதழிலும் செங்கோடன் பெயர் உயிரோடுதான் அச்சாகியிருந்தது. மாரப்பன் உண்மையைச் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் வராத ஒருவருக்காக மணவறையில் நின்றுபோகும், சொன்னாலோ பதினொரு வருசமாகப் பூ வைத்துப் பஸ்ஸுக்கு நின்றவளின் முகத்தை நேருக்கு நேராகப் பார்க்க வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை, அதனால் கார்புரேட்டரைக் கழற்றினார்.

மாரப்பன் டேங்கின் அடி நட்டைத் திறந்து தண்ணியை இறக்கினார். எட்டுக் குடம் பிடிக்காத டேங்கிலிருந்து இருபது குடம் வந்தது, மூடிவிட்டுக் காப்பி குடித்துத் திரும்புவதற்குள் மறுபடியும் நிறைந்திருந்தது. ஊர் கூடிவிட்டது, ஒவ்வொருவரும் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வண்டி வைத்திருந்தவர் மட்டும், ஆயிரத்து இருநூறு அடியில் உப்பு ஊற்று ஒன்று ஓடுகிறது, அது எப்படியோ மேலேறியிருக்கிறது என்று ஒரு வாரம் தர்க்கம் பண்ணிப் பார்த்தார். பெட்ரோல் பில்டருக்குள் உயிரோடு ஒரு இறால் குஞ்சு நெளிந்ததைக் காட்டிய பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது, தண்ணி லாரி வராத ஊரில் கடல் வந்திருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்பதில்தான் எல்லாருக்கும் கவனம் போனது.

தறிப் பட்டறைக்காரர்கள்தான் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளின் போக்கைக் கண்டுபிடித்தார்கள். சாவி போடாமலேயே அந்த முள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கியது, பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடைசிக் கோட்டையும் தாண்டி நின்றது, முள் இறங்க ஆரம்பித்ததும் ஷிப்டு மாற்றிக்கொள்வது என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு ஆயிற்று. பெண்கள் அந்தத் தண்ணியில் நெல்லிக்காய் ஊறப்போட்டார்கள், ஊறுகாய் அமிர்தமாக இருந்தது, தின்றவர்கள் எல்லாருக்கும் தண்ணிக்கு அடியில் கண்ணைத் திறந்துகொண்டு நடந்துபோகிற மாதிரி ஒரே கனவு வந்தது, அதற்காக ஊறுகாயை வேண்டாம் என்று சொல்வார்களா, தின்றுவிட்டுக் கனவில் யார் யாரைப் பார்த்தோம் என்று காலையில் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எல்லாருமே யாரோ ஒரு ஆம்பளையின் முதுகைப் பார்த்ததாகத்தான் சொன்னார்கள். மயிலாத்தாள் வருவது தெரிந்தால் பேச்சைப் பம்புசெட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

மாரப்பன் தினமும் வந்தார். கார்புரேட்டரைப் பிரித்து, ஒவ்வொரு ஜெட்டையும் மெல்லிய கம்பியால் குத்தி, வாயில் வைத்து ஊதி, காற்றுப் போகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து மாட்டுவார், மறுநாள் அதே துளையில் உப்புப் பூத்து அடைத்திருக்கும். கிண்ணத்துக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு குடியிருந்தது, அதை எடுத்துச் சொம்பில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார், மாட்டி முடித்ததும் அது எப்படியோ திரும்பி உள்ளே போய்விடும். பம்பை மாற்றினார், டியூபை மாற்றினார், டேங்கையே கழற்றி வெயிலில் கவிழ்த்து வைத்தார், கவிழ்த்து வைத்த டேங்கிலிருந்து இரவும் பகலும் தண்ணி ஓடி வாசலெல்லாம் ஈரம். ஊரார் அவருடைய விடாமுயற்சியைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு தடவை வாயில் டியூபை வைக்கும்போதும் அவருக்கு எந்தக் கடல் வாயில் வருகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

ஆடி பிறந்ததும் ஐஸ் பெட்டி வைத்த மொபெட்டில் கடல்மீன் விற்க வருகிற சூசை வந்தார். நாகப்பட்டினத்தில் பிறந்தவர், இங்கே பெண் கட்டித் தங்கிவிட்டவர். அவரிடம் ஒரு டம்ளர் தண்ணியைக் கொடுத்து, இது எந்தக் கடல் என்று கேட்டார்கள், விளையாட்டுக்குத்தான். சூசை ஒரு வாய் வைத்தார், சிரிப்பை நிறுத்தினார், இன்னொரு வாய் வைத்தார். "கரைத் தண்ணியில மண்ணு வாசம் இருக்கும். இதுல அது இல்ல. இது உள்கடல்" என்றார். பிறகு கார் பக்கம் போய்ப் பின் சீட்டுக் கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "இந்தத் தண்ணியில ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தவர், அதற்கப்புறம் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டு வரவேயில்லை. மாரப்பன் கையில் இருந்த ஜெட்டு எங்கே விழுந்தது என்று தேட அன்றைக்குச் சாயங்காலம் வரை ஆனது.

அந்த ஆடி அமாவாசைக்கு ஓலப்பாளையத்தில் ஒருத்தரும் பவானிக்கும் போகவில்லை, ராமேஸ்வரத்துக்கும் போகவில்லை. திதி கொடுத்து வைக்கும் ஐயர் காலையிலேயே வந்து, கொட்டகையைச் சுற்றிப் பார்த்து, கடல் கடல்தான், அது டேங்கில் இருந்தால் என்ன, டப்பாவில் இருந்தால் என்ன என்று தீர்ப்புச் சொல்லி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்துவிட்டார். எள்ளும் தர்ப்பையும் பித்தளைச் சொம்பும் வாழை இலையுமாக வரிசை தறிப் பட்டறை வரைக்கும் நின்றது, ஒவ்வொருவராக டேங்குத் தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தங்கள் அப்பன் பாட்டன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் இறைத்தார்கள். அத்தனை பேருக்கும் மயிலாத்தாள் தலையில் கனகாம்பரத்தோடு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மோரை வாங்கியவர்கள் டம்ளரைப் பார்க்காமல் அவள் நெற்றியைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் காரைப் பார்த்தார்கள், அதற்கப்புறம் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நகர்ந்தார்கள். செங்கோடன் எங்கே இருக்கிறான் என்பது ஊர் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மாரப்பன் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை மூலையில் நின்று இதையெல்லாம் பார்த்தார், பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஆவணி பிறந்தது, புதன்கிழமை முகூர்த்தம் என்றால், திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வந்தார். நல்ல மனுசர்தான், நாற்காலி நுனியில் உட்கார்ந்து தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அம்மிணி, பன்னெண்டு வருசம் காணாமப் போனவருக்குக் கருமாதி பண்ணிப் போடறது மொறைதான்."

"பதினொண்ணுதானுங்க முடிஞ்சிருக்குது" என்றாள் மயிலாத்தாள்.

"அப்பச் சரி. ஒண்ணு அவரு வந்து தாரை வாக்கோணும், இல்லீன்னா அவரு இல்லீன்னு சொல்லி இன்னொருத்தரு வாக்கோணும். ரெண்டும் இல்லாம எங்க பையனை மணவறையில உக்கார வெக்கறது எப்பிடீங்க? நாளைக்குப் பொழுதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க." அவர் போன பிறகு மயிலாத்தாள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூங்கொடி கொட்டகைக்கு வந்தாள். அப்பா போனபோது ஒன்பது வயசு, இப்போது இருபது. மருதாணிக் கையைக் காயவைத்தபடி மாரப்பன் எதிரில் நின்றாள். "மாமா, எங்கப்பாவைக் கடைசியாப் பாத்தது நீங்கதான? வருவாருங்களா மாமா?"

பொய் இல்லாத வார்த்தை ஒன்றைப் பொறுக்கி எடுக்க மாரப்பன் வாயைத் திறந்தார். டியூபும் இல்லை, டேங்கும் இல்லை, வாய் நிறைய உப்புத் தண்ணி வந்தது. துப்பினார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை துப்பிவிட்டு, "அம்மாளக் கூப்புடு சாமி" என்றார், அதைச் சொன்னபோது வாய் காய்ந்திருந்தது.

மயிலாத்தாள் வந்தாள். மாரப்பன் கையில் கார்புரேட்டர் கிண்ணத்தோடு, அவள் முகத்தைப் பார்க்காமல், கிண்ணத்துக்குள் நண்டு சுற்றிச் சுற்றி வருவதையே பார்த்துக்கொண்டு, கைகோத்ததையும் சிரித்ததையும் மூன்றாவது முழுக்கையும் கையில் கை இல்லாமல் எழுந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார், திருச்சியில் யாரும் டீ குடிக்க இறங்கவில்லை என்றும் சொன்னார். "உன்ற கையில சொம்பப் பாத்தனா, எனக்கு வாய் வல்ல அம்மிணி" என்று சொல்லும்போது அறுபத்தி மூன்று வயசு மனுசன் தேம்பினார்.

அவள் அழவில்லை. அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, நண்டை மெதுவாக எடுத்துக் கீழே விட்டுவிட்டு, அதிலிருந்த இரண்டு கரண்டித் தண்ணியையும் குடித்தாள். அந்தத் தண்ணியை ஊரில் எல்லாரும் ருசி பார்த்துத் துப்பியிருக்கிறார்கள், ஊறுகாயாகத் தின்றும் இருக்கிறார்கள், அப்படியே விழுங்கியவள் அவள் ஒருத்திதான். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்கதானுங்கண்ணா கூட்டீட்டுப் போனீங்க. நீங்களே போயிக் கூட்டீட்டு வாங்க."

"வண்டி கெளம்பாது அம்மிணி. டேங்கு முச்சூடும் கடல்."

"கெளம்பும். கடலுக்குப் போறக்குன்னுதான அன்னைக்கு ரொப்புனாரு."

மாரப்பன் கிண்ணத்தை வாங்கி மாட்டினார். சோக்கைப் பாதி இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்துச் சாவியைத் திருப்பினார், நாற்பது நாளாக இருமக்கூட இருமாத இஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து புகைக்குப் பதிலாக வெள்ளை நுரை வந்தது. வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், தறிக்காரர்கள் இனி ஷிப்டுக்கு என்ன செய்வது என்று பேசிக்கொண்டார்கள். ராமாத்தாள் தூக்குப்போசியில் தக்காளிச் சாதம் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "அன்னைக்கு மாதிரி ஒத்தையா வந்து நிக்காதீங்க. வழியில கண்ட கடையில நின்னுட்டு இருக்காம சீக்கிரம் வந்து சேருங்க" என்றாள்.

நாமக்கல் தாண்டியபோது முள் முக்காலில் இருந்தது, தஞ்சாவூரில் பாதி, திருத்துறைப்பூண்டியில் கால். ரேடியேட்டர் கொதிக்கவில்லை, ஒரு இடத்தில்கூட வண்டி முனகவில்லை, அன்றைக்கே இதில் வந்திருக்கலாம் என்பது மாரப்பனுக்கு ஒவ்வொரு மைல்கல்லிலும் உறைத்தது. சாயங்காலம் மணல் தொடங்குகிற இடத்தில் முள் பூஜ்யத்தைத் தொட்டது, இஞ்சின் தானாக நின்றது. அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தவர் எப்போது கண்ணயர்ந்தார் என்று தெரியாது, கிழக்கு வெளுக்கும்போது பின்கதவு திறந்து மூடியது, ஸ்பிரிங் ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியது. துணியிலிருந்து தண்ணி சொட்டுகிற சத்தம் கேட்டது. மாரப்பன் மேலே இருந்த கண்ணாடியைப் பார்க்கவில்லை, கையை நீட்டி அதை வேறு பக்கம் திருப்பி வைத்தார்.

"போலாமா மாப்ள?" என்றார். சாவியைத் திருப்பினார், காலி டேங்கோடு வண்டி கிளம்பியது.

வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். பூங்கொடி பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தது, மயிலாத்தாள் பஸ்ஸுக்கு நின்றது, தான் உப்பில்லாமல் தின்றது, எல்லாவற்றையும் சொன்னார். கையை விட்டது தானா, அலையா என்று பதினொரு வருசமாக யோசித்தும் தெரியவில்லை என்பதையும் சொன்னார், அதைச் சொன்னபோது பின்னால் தண்ணி சொட்டுவது கொஞ்ச நேரம் நின்று மறுபடியும் தொடர்ந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது அவருக்கு. மத்தியானம் திருச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வந்ததும் வண்டி இரண்டு குலுங்கு குலுங்கி நின்றது. எதிரே டீக்கடை. தொண்டை வறண்டு கிடந்தது, பின்னால் இருப்பவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது, நண்பனுக்கு அதைக்கூடச் செய்யாமல் எப்படி. "ரெண்டு டீ போடுங்க" என்று சொல்லி, இரண்டு கையிலும் கிளாசை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. டிரைவர் சீட்டு ஜன்னலில் நனைந்த முழங்கை ஒன்று வெளியே மடிந்திருந்தது, செங்கோடன் எப்போதும் அப்படித்தான் கையை வெளியே போட்டு ஓட்டுவான். கறுப்புக் கார் நிதானமாகக் கைகாட்டித் திரும்பி, நாமக்கல் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. மாரப்பன் இரண்டு டீயோடு நின்றார்.

அடுத்த பஸ்ஸைப் பிடிக்க அவர் முயற்சி பண்ணாமல் இல்லை. ஏறி உட்கார்ந்தார், கண்டக்டர் வந்து "எங்கீங்க?" என்று கேட்டார், ஊர்ப் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது வாய் நிறைய உப்புத் தண்ணி. டேங்கை விட்டு இறங்கிய கடல் எங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. துப்புவதற்குக் கீழே இறங்கினார், பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அடுத்த பஸ்ஸிலும் அப்படியே, அதற்கடுத்ததிலும் அப்படியே. டீக்கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

புதன்கிழமை விடியற்காலை கார் மண்டபத்து வாசலில் வந்து நின்றது. செங்கோடன் இறங்கினான், முப்பத்தெட்டு வயசிலேயே இருந்தான், வேட்டியிலிருந்து தண்ணி சொட்டியது. நாதஸ்வரக்காரர் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தார். மணவறை ஏறி, மகளின் கையைப் பிடித்து, மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்தான், கைமேல் விழுந்த தண்ணி ஐஸ் மாதிரி இருந்தது என்று மாப்பிள்ளை பிற்பாடு சொன்னார். செங்கோடன் பந்தியில் உட்காரவில்லை. மயிலாத்தாள் காருக்குப் பக்கத்தில் போய் நின்றாள், அவன் அவளைப் பார்த்தான், அவள் தலையிலிருந்த கனகாம்பரத்தைத் தானே எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கார் கிழக்கே போனது, மண்டபத்திலிருந்து ரோடு வரைக்கும் ஈரத் தடம் கிடந்தது, வெயில் ஏறியதும் அதில் உப்புப் பூத்தது.

சாயங்காலம் மயிலாத்தாள் வெறும் நெற்றியோடு அடுத்த தெருவுக்கு, மாரப்பன் வீட்டுக்குப் போனாள். ராமாத்தாள் ஓடிவந்து சொம்பில் தண்ணி கொடுத்தாள். மயிலாத்தாள் பாதியைக் குடிக்கும்வரை ராமாத்தாள் பொறுத்திருந்து, "எங்கூட்டுக்காரரு எங்க அம்மிணி?" என்று கேட்டாள்.

"திருச்சியில டீ குடிக்க எறங்குனாருங்கக்கா" என்றாள் மயிலாத்தாள். "வண்டிய எடுத்துட்டாங்க. அடுத்த பஸ்ல வந்துருவாரு."

சொல்லிவிட்டு மீதித் தண்ணியையும் குடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அப்போது மணி ஐந்தரை, ராமாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முக்கைப் பார்த்து நடந்தாள்.